ரங்கூனில் விட்டுவந்த பந்து

(சங்கத்தின் பெண்கள் பிரிவு இலண்டனில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். சித்திரைப் புத்தாண்டு மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டது.)



இந்தச் சங்கத்தில் என்னை எல்லாரும் 'ரங்கூன் அம்மா' என்றுதான் கூப்பிடுறீங்க. நீங்கள் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு என்று ஊர் சொல்லும்போது எனக்குச் சொல்ல இருக்கிற ஊர் அதுதான். இன்றைக்கு அதை யாங்கோன் என்கிறார்கள். என் வாயில் இன்னும் ரங்கூன்தான் வருது. மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் உங்களோடு உறவாகிவிட்டேன். ஆனாலும் அகதி என்ற சொல் எனக்கு மருமகன் கொண்டுவந்த சீதனம் இல்லை. அது எனக்குப் பதினாலு வயசிலேயே கிடைச்சது.

என்னைப் பேசச் சொன்னது புத்தாண்டைப் பற்றி. நான் பேசப் போவது கூடைப்பந்தைப் பற்றி. ஏன் என்று போகப் போகத் தெரியும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ரங்கூனில் நம்ம சித்திரைப் பிறப்பும் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே சமயத்தில்தான் வரும். காலையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டிக் காளி கோயிலுக்குக் கூட்டிப் போவாள். திரும்பி வருவதற்குள் தெருவில் நிற்கிற பர்மியப் பிள்ளைகள் வாளி வாளியாக ஊற்றித் தொப்பலாக நனைத்துவிடுவார்கள். புதுப் பாவாடை போச்சே என்று அழுதால், "அழாதே, அவங்க ஆசீர்வாதம் பண்றாங்க" என்பார் அப்பா.

அப்பாவுக்கு மொகல் தெருப் பக்கம் சின்ன மளிகைக் கடை. படிப்பு அதிகம் இல்லை, ஆனால் விளையாட்டென்றால் உயிர். 1961 டிசம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி ரங்கூனில் நடந்தது. ஏழு நாடுகள் வந்தன. அப்பா கடையை அரை நாள் சாத்திவிட்டு என்னை ஆங் சான் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதினொரு வயசு. யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் மறந்து போச்சு. பெண்பிள்ளைகள் கால்சட்டை போட்டுக் கொண்டு ஓடினதும், அவ்வளவு பெரிய கூட்டம் அதைக் கேலி பண்ணாமல் எழுந்து நின்று கை தட்டினதும் மட்டும் மறக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாட ஒரு தளம் இருந்தது. நான் வகுப்பிலேயே உயரமானவள். ரீச்சர் என்னைக் கூடைக்குக் கீழே நிற்க வைத்தார். நன்றாக வந்தது. அடுத்த வருஷம் அப்பா ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார், பழுப்பு நிறத் தோல் பந்து. எங்கள் தெருவில் பையன்கள் பிரம்புப் பந்தைக் காலால் தட்டிச் சின்லோன் ஆடுவார்கள். நான் என் பந்தைச் சுவரில் அடித்துக் கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பர்மியச் சிநேகிதிதான் எனக்கு எதிரணி.

அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குப் புதுக் கதையாக இருக்காது, நாடுதான் வேறு. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். எங்கள் கடையும் அதில் போச்சு. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அந்தச் சில வருஷங்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்திய வம்சாவளி மக்கள் பர்மாவை விட்டுப் போனார்கள். அதில் நாங்கள் ஐந்து பேர்.

கப்பலில் என்ன கொண்டு போகலாம் என்பதற்கு ரொம்பக் கட்டுப்பாடு. அம்மாவின் நகையே போகாது என்கிறபோது பந்துக்கு எங்கே இடம்? சிநேகிதியிடம் கொடுத்தேன். "திரும்பி வரும்வரைக்கும் வச்சிரு" என்றேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். இரண்டு பேருக்குமே பதினாலு வயசு.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, முகாமில் கொஞ்ச நாள் இருந்து, கடைசியில் வியாசர்பாடியில் குடிசை போட்டோம். அங்கே ரங்கூன்காரர்கள் நிறையப் பேர். அப்பா கூலி வேலைக்குப் போனார். அம்மாவும் நானும் சாயங்காலத்தில் அத்தோவும் மோஹிங்காவும் விற்றோம். பள்ளிக்கூடம் நின்றது, பந்தும் நின்றது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. சோறா பந்தா என்றால் சோறுதான்.

இனிமேல் சொல்லப் போவதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

எனக்கு மகள் பிறந்தாள், 1973-ல். அவளும் என்னைப் போல உயரம். நான் சொல்லிக் கொடுக்காமலே பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்குப் போய்விட்டாள். பதினைந்து வயசில் மாவட்ட அணிக்குத் தேர்வாகி, வெளியூர் போகப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நான் போடவில்லை. அவள் அப்பா போடத் தயாராக இருந்தார். நான் விடவில்லை. ஏற்கெனவே 'பர்மாக்காரி மக' என்று பேசுகிறார்கள், இதில் கால்சட்டை போட்டு ஊர் ஊராகப் போனால் யார் கட்டுவான் என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. தாளை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

நாடு எடுத்துக் கொண்டது என் பந்தை. என் மகள் பந்தை எடுத்தது நான்.

அதே சென்னையில் 1985-ல் ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். பெயர் அனிதா பால்துரை. சின்ன வயசில் ஓட்டம், கைப்பந்து என்று ஆடிக் கொண்டிருந்த பிள்ளை, பிறகு கூடைப்பந்துக்கு வந்தாள். நாங்கள் அத்தோ விற்ற அதே நகரத்தில், நான் "யார் கட்டுவான்" என்று கேட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகாத காலத்தில், அந்த வீட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்திய அணிக்கு வந்த அனிதா 2017 வரை ஆடினார். கூடைப்பந்தில் முழங்காலும் கணுக்காலும் என்ன பாடு படும் என்று ஆடினவர்களுக்குத் தெரியும். பதினேழு பதினெட்டு வருஷம் என்பது சாமானியம் இல்லை. பத்தொன்பது வயசில் அணித் தலைவி ஆனார். எட்டு வருஷம் தலைவியாக இருந்தார். 2006-ல் மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டு, 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டு என்று போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடின முதல் இந்தியப் பெண் அவர்தான்.

பிள்ளைகளே, நீங்கள் ரீவியில் பார்க்கிற அமெரிக்க ஆட்டத்தில் கோடி கோடியாகப் பணம். இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கிரிக்கெட் செய்திக்குக் கீழே நாலு வரி வந்தால் பெரிய விஷயம். ஆனால் அங்கே ஒரு வழி உண்டு. ரயில்வே போன்ற அரசுத் துறைகள் நல்ல விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து, அணியும் வைத்துக் கொள்ளும். அனிதாவுக்குத் தென்னக ரயில்வேயில் வேலை கிடைத்தது. பந்து சோறு போடுமா என்று கேட்ட எனக்கு இது ஒரு பதில். போட்டது.

அடுத்தது, கல்யாணம். அதுவும் ஆச்சு, குழந்தையும் பிறந்தது. இத்தோடு சரி என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு திரும்ப உடம்பைத் தயார் பண்ணிக் கொண்டு அணிக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவுப் போட்டி. ஜெயிக்கிற நாடு முதல் பிரிவுக்குப் போகும். இறுதி ஆட்டத்தில் எதிரே கஸகஸ்தான். எழுபத்தைந்துக்கு எழுபத்துமூன்று. இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்தது. ஒரு கூடை அந்தப் பக்கம் விழுந்திருந்தால் சமம். அந்த அணியில் ஒரு தாயும் இருந்தாள். 2021-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அந்தச் செய்தியை நான் இங்கே இலண்டனில், மகள் வீட்டுக் குசினியில் இருந்து கேட்டேன். மகள் பக்கத்தில் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"அது இந்தியா, பெரிய நாடு, எங்கட பிள்ளைகளுக்கு ஆர் இருக்கினம்?" என்று போன வாரம் ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான். உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது. புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கம்.

அவர் ஆடியது வலைப்பந்தாட்டம். அதுவும் கூடைப்பந்தின் பிள்ளைதான். 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை உயரத்தில் மாட்டி ஆரம்பித்த ஆட்டம், இங்கிலாந்துக்கு வந்து பெண்களுக்காக மாறினபோது வலைப்பந்து ஆனது. பத்தடி உயரத்து வளையம் இரண்டிலும் ஒன்றுதான். வலைப்பந்தில் பின்பலகை கிடையாது, பந்தைத் தட்டிக் கொண்டு ஓடக் கூடாது, கையில் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பலகை இல்லாததால் பந்து நேராக வளையத்துக்குள் விழ வேண்டும். அது லேசு இல்லை.

தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர், ஆறடி பத்து அங்குலம். பலாலிக்குக் கிட்ட உள்ள ஊரில், யுத்த காலத்தில் வளர்ந்த பிள்ளை. அந்த ஊர்ப் பக்கம் எப்படி இருந்தது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். நம்ம சமூகத்தில் ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் உயர்ந்தாலே என்ன சொல்லுவோம்? பனை என்போம், ஏணி என்போம், மாப்பிள்ளைக்கு எங்கே போறது என்போம். அந்த உயரத்தை உலகம் எப்படிப் பார்த்தது தெரியுமா? 2011-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த எறிவாளர் என்று பார்த்தது. 2009, 2018, 2022 என்று மூன்று முறை இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றது அவர்தான். அவுஸ்திரேலியாவில் கழக அணிக்கும் ஆடினார். 2019-ல் இதே இங்கிலாந்தில், லிவர்பூலில் உலகக் கிண்ணம் நடந்தது. இலங்கை அணி மேல் வரிசைக்கு வரவில்லை. ஆனாலும் அந்தப் போட்டியில் எல்லா நாட்டுக்காரர்களையும் விட அதிகக் கோல் போட்டவர் தர்ஜினி, 348 கோல். 2023-ல் கேப்ரவுனில் கடைசி உலகக் கிண்ணம் ஆடிவிட்டு விடைபெற்றார்.

சிங்கள நாட்டு அணிக்கு ஏன் ஆடினாள் என்று கேட்கிறவர்களும் இங்கே இருப்பீர்கள். அது உங்கள் மனக்காயம், அதில் நான் கை வைக்கவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான். குனிந்து நடக்கச் சொல்லியிருப்பார்கள், அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்றது.

அகதிப் பிள்ளைக்கு ஆட்டம் எதுக்கு என்றால், இன்னொரு ஆளையும் சொல்லுகிறேன். லுவோல் டெங். சூடானில் பிறந்து, யுத்தத்தால் குடும்பத்தோடு எகிப்துக்கு ஓடி, அங்கிருந்து அகதியாக இதே தென் இலண்டனுக்கு வந்தவர். பிரிக்ஸ்ரனில் பந்து பழகின பையன், அமெரிக்கா போய்ச் சிக்காகோ அணியில் பெயர் எடுத்து, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்கு ஆடினார். பிறகு தென் சூடான் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவராகி, 2011-ல் பிறந்த அந்த நாட்டை 2024 பரிஸ் ஒலிம்பிக் வரைக்கும் கொண்டு போனார். வந்த இடத்தில் கற்றதை விட்ட இடத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் பெண்பிள்ளைகள் கூடைப்பந்து பழகுகிறார்கள். ஆரம்பத்தில் பதினொரு பேர் வந்தார்கள். இன்றைக்கு ஐந்து பேர். நேரத்தை வேறு வகுப்புக்குக் கொடுத்துவிடலாமா என்று செயற்குழு யோசிக்கிறது. ஆள் இல்லை என்றால் அவர்கள் கேட்பது சரிதான். ஆனால் பிள்ளைகள் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார்கள். அதில் ஒருத்தி இந்தக் கூட்டத்தில் எல்லாரையும் விட உயரமானவள். பெயர் சொல்ல மாட்டேன். போன மாதம் வரைக்கும் நிமிர்ந்து வந்தவள், இன்றைக்குக் கடைசி வரிசையில் தோளைக் குறுக்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தாய்மார்களே, உங்கள் பயம் எனக்குத் தெரியும். படிப்புக் கெடும், இருட்டி வரும், உடுப்புச் சரியில்லை, நாலு பேர் பேசுவார்கள். இந்த நாலும் நானும் சொன்னவைதான். படிப்புக்குச் சோதனைக் காலத்தில் லீவு விடலாம். இருட்டுக்கு நாங்கள் முறை வைத்துக் கூட்டிப் போகலாம். உடுப்பு நீளக் காற்சட்டையாக இருக்கட்டும், பந்துக்கு அது தெரியாது. நாலு பேர் பேசுவதற்கு மட்டும் மருந்து இல்லை. ஆனால் ஒன்று சொல்லுகிறேன். வியாசர்பாடியில் அன்றைக்கு யாருக்குப் பயந்து கையெழுத்துப் போடாமல் இருந்தேனோ, அந்த நாலு பேரில் ஒருத்தர் முகம்கூட எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை. தாளை மடித்த என் மகளின் கை மட்டும் ஞாபகம் இருக்கு.

2014-ல் மகளோடு ஒருமுறை ரங்கூனுக்குப் போய் வந்தேன். காளி கோயிலில் கும்பிட்டோம். எங்கள் தெருவைக் கண்டுபிடித்தோம், வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிநேகிதியைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். வளையம் ஒன்று துருப்பிடித்து நின்றது, வலை இல்லை. "இங்கேதான் ஆடினேன்" என்று மகளிடம் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டு நின்றாள். பிறகு, "நீங்க ஆடுவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றாள். இத்தனை வருஷமாக நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை நிறுத்த எனக்கு வாய் வந்திருக்காது.

போன ஐப்பசியில் பேத்திக்கு இந்த வகுப்பின் படிவம் வந்தது. அவள் அதை என்னிடம் நீட்டினாள், அம்மம்மா படியுங்கோ என்று. மகள் குறுக்கே வந்து வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். "நீங்க பாக்க வேண்டாம்மா, நான் போட்டுட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு இரவே இதை எங்கேயாவது நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

எல்லாப் பிள்ளையும் அனிதா ஆகாது, தர்ஜினி ஆகாது. ஆக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆடின பிள்ளை என்று ஆகட்டும். நாம் விட்டுவந்த வீடும் காணியும் நம் கையில் இல்லை. பந்து நம் கையில்தான் இருக்கு.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆடி மாதம் வரைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை எடுக்காமல் வையுங்கள். வருகிற சனிக்கிழமையிலிருந்து நான் வந்து கதவடியில் கதிரை போட்டு உட்காருகிறேன். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரைக்கும் இருப்பேன். ஆட்டம் முடிய எல்லாருக்கும் அத்தோ உண்டு, புளி கொஞ்சம் தூக்கலாக. படிவங்களும் என்னிடமே இருக்கும். பேனாவும் கொண்டு வருகிறேன்.

கடைசி வரிசையில் இருக்கிற என் செல்லத்துக்கு ஒரு வார்த்தை. நிமிர்ந்து உட்காரம்மா.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.